ஒன்றரைக் கிலோ வீரம்

மெலிந்த கேமிங் லேப்டாப்பைப் பற்றிய முதல் பார்வைகள் எல்லாம் எடையில் தொடங்கி எடையிலேயே மயங்கி விழுகின்றன. அசூஸின் 2024ஆம் ஆண்டு ஸெஃபிரஸ் ஜி14 ஒன்றரைக் கிலோதான். கொடைக்கானலுக்குக் கீழே உள்ள பாச்சலூரின் மலைப்பாதையில் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். நடக்கத்தான் முடியும். பேட்டரி 73 வாட்-மணி. விளையாட்டு சூடுபிடித்து மெஷின் 100 வாட் இழுத்தால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. பேட்டரியைப் பெரிதாக்கினால் என்ன என்பீர்கள். முன்னனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-மணிதான் வரம்பு. ஆகவே வீரமெல்லாம் 180 வாட் சார்ஜரின் தயவில் நடக்கிறது. காபித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய மரத்தில் பிளக் பாயின்ட் முளைப்பதில்லை.

மலைக்குளிரில் சூடாவது குறையுமே என்ற வாதம் பாதி நியாயம். குளிர்ந்த காற்று உதவும். ஆனால் உயரம் ஏற ஏறக் காற்றும் லேப்டாப்பைப் போலவே மெலிகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுற்றும் விசிறி அள்ளிச் செல்லும் வெப்பமும் குறையும். பாச்சலூர் அதற்குக் கீழே என்பதால் நஷ்டமும் கொஞ்சம் கம்மி, அவ்வளவே. தினமும் கல்லூரிக்குச் சுமக்கும் பிள்ளைக்கு இந்த எடை நிஜமான லாபம்தான், மறுக்கவில்லை. மேசையை விட்டு நகராதவர்கள் தடித்ததையே வாங்கலாம். எதை வாங்கினாலும், கடையில் எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்துத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.