ஒற்றை நட்சத்திரத்தார்

இணையத்தில் தொடர்கதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும். பெயர்தான் தெரியாது. நாவல் வெளியாகிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஒரு ஸ்டார் விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரே வரி: “எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.” போட்டவர் பெயர் ‘வாசகன்’. அந்தத் தளத்துக்கு வந்து அவர் கைவைத்தது இந்த ஒரு நாவலில்தான். அதையும் படிக்கவில்லை.

இவரை வாசகர் என்று நம்புகிறவர்கள் அப்பாவிகள். கதை பிடிக்காத வாசகர் பாதியில் மூடிவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவார். ராத்திரி பதினொரு மணிக்கு மெனக்கெட்டுப் புது மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, ஓடிபி வாங்கி, உள்ளே நுழைந்து ஒரு ஸ்டார் குத்திவிட்டுப் போகிற பொறுமை சக எழுத்தாளருக்கு மட்டுமே வாய்க்கும்.

பகலில் இவரைப் போலப் பண்பாளர் கிடையாது. பிரதிலிபி கதைத் தளமோ, முகநூலோ, யார் எதைப் போட்டாலும் முதல் கருத்து இவருடையதுதான். “சூப்பர் சிஸ்!” “செம எபி சகோ, அடுத்த யூடி எப்போ?” யூடி என்றால் அப்டேட், கதையின் அடுத்த அத்தியாயம். கூடவே மூன்று பூங்கொத்து. பதிலுக்கு அந்த சிஸ்ஸும் சகோவும் இவர் கதைக்கு ஐந்து ஸ்டார் போட்டாக வேண்டும். போடாதவர்களின் பெயர் இவருக்கு மனப்பாடம். குழந்தையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் உண்டு. இவர் ஆட்டுவது பகல் ஷிப்ட், கிள்ளுவது இரவு ஷிப்ட்.

அது ஏன் சரியாக ஒன்று? இரண்டோ மூன்றோ போட்டால் ஆகாதா? ஆகாது. கதையில் லாஜிக் இடித்தாலும் கணக்கில் ஆள் கெட்டி. ஒன்பது பேர் ஐந்து ஐந்தாகக் கொடுத்து 5 என்று மின்னிக்கொண்டிருக்கும் கதைக்குப் பத்தாவது ஆளாக இவர் ஒரு ஸ்டார் போட்டால் சராசரி 4.6 ஆகிவிடும். அதை 4.9-க்கு ஏற்ற வேண்டுமானால் இன்னும் 30 பேர் வந்து ஐந்து ஸ்டார் போட வேண்டும். முப்பது பேர் செய்ய வேண்டிய வேலையை இவருடைய ஒரு விரல் உண்டாக்கிவிடுகிறது.

போட்டி என்று வந்துவிட்டால் இந்தப் புள்ளிக் கணக்குக்குக் காசு மதிப்பும் கூடிவிடும். அமேசான் கிண்டில் 2018-இல் நடத்திய ‘பென் டு பப்ளிஷ்’ போட்டியில் தமிழும் இருந்தது. விற்பனை எப்படி, வாசகர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும் தேர்வில் பார்க்கப்படும் என்றார்கள். இப்படியொரு விதியைக் காதில் போட்டுவிட்டால் இவருக்குத் தூக்கம் வருமா?

இவரை நம்மூர்ச் சரக்கு என்று குறைத்துப் பேசிவிடக் கூடாது. பரம்பரை பெரியது. ரஷ்ய வரலாற்றில் பெரும் பெயர் எடுத்த பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ், அமேசானில் ‘ஹிஸ்டாரியன்’ என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் போலவே ரஷ்யாவைப் பற்றி எழுதிய ராபர்ட் சர்வீஸ், ரேச்சல் போலன்ஸ்கி ஆகியோரின் புத்தகங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். 2010-இல் விஷயம் கசிந்ததும் முதலில் வக்கீல் கடிதம் பறந்தது. அடுத்து, எழுதியது மனைவி என்றார்கள். கடைசியில் தானேதான் என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டு, நஷ்டஈடும் கொடுத்தார்.

2012-இல் குற்றப்புனைவு எழுத்தாளர் ஆர்.ஜே.எல்லரி இதே வேலைக்காக மாட்டினார். இவருக்கு ‘நிகோடிமஸ் ஜோன்ஸ்’ என்றொரு முகமூடி. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் கேட் கொரெய்ன். அவருடைய முதல் நாவலே அப்போது வெளிவந்திருக்கவில்லை. அதற்குள் புத்தக மதிப்புரைத் தளமான குட்ரீட்ஸில் பல போலிக் கணக்குகளைத் தொடங்கி, தன்னைப் போலவே முதல் நாவலோடு வரவிருந்த மற்றவர்களுக்கு ஒற்றை ஸ்டார்களை அள்ளி வீசினார். பிடிபட்டதும், செய்தது ஒரு தோழி என்றார். பிறகு உண்மையை ஒப்புக்கொண்டார். பதிப்பகம் நாவலைக் கைவிட்டது, ஏஜென்டும் விலகிக்கொண்டார். லண்டன் ஆனாலும் அமெரிக்கா ஆனாலும் பழி முதலில் மனைவி மேலோ தோழி மேலோதான் விழுகிறது.

இதில் ரசிக்க வேண்டிய இடம் இன்னொன்று. மூவரும் அடுத்தவரைத் திட்டுவதோடு நின்றிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கலாம். முடியவில்லை. ‘ஹிஸ்டாரியன்’ ஃபைஜஸின் புத்தகத்தை வானளாவப் புகழ்ந்தார். நிகோடிமஸ் ஜோன்ஸ் எல்லரியின் நாவலைப் படித்து உருகினார். கொரெய்னின் போலிக் கணக்குகளுக்குப் பிடித்த புது எழுத்தாளர் கொரெய்ன். பொறாமையைக்கூட இவர்களால் மறைத்துவிட முடிகிறது, தற்பெருமையை மறைக்கத்தான் தெரியவில்லை.

கவிஞர் வால்ட் விட்மனும் 1855-இல் தன் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ தொகுப்புக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரை எழுதிக்கொண்டவர்தான். ஆந்தனி பர்ஜெஸ் ஒரு படி மேல். ஜோசப் கெல் என்ற புனைபெயரில் தான் எழுதிய நாவலுக்கு 1963-இல் ‘யார்க்‌ஷயர் போஸ்ட்’ நாளிதழில் தன் சொந்தப் பெயரிலேயே மதிப்புரை எழுதினார். அதிலும் புத்தகத்தை அவ்வளவாகப் புகழவில்லை. பத்திரிகை அவரை வேலையை விட்டு அனுப்பியது. நம் ஒற்றை நட்சத்திரத்தாருக்கு இந்த ஹாஸ்யமெல்லாம் கைவராது. தன் கதைக்கு நாலு ஸ்டார் போடக்கூட அவருக்குக் கை நடுங்கும்.

நம்மூர்க்காரரைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. ‘முயற்சி’யில் ஒரு ‘ச்’ கூடுதலாகப் போடுவது அவருடைய நெடுநாள் பழக்கம். முகமூடி மாறினாலும் அந்த ‘ச்’ மாறாது. சக எழுத்தாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்க்ரீன்ஷாட் வந்து விழும், சிவப்பு வட்டம் போட்டு. யாரும் நேரில் கேட்பதில்லை. அடுத்த யூடிக்கு முதல் பூங்கொத்து வர வேண்டுமே!

தன் கதைக்கு யாராவது ஒரு ஸ்டார் போட்டுவிட்டால் மட்டும் இவர் பார்க்கிற உலகமே வேறு. “முதுகெலும்பு இல்லாத முகமூடிகள்”, “வளர்ச்சி பொறுக்காத கூட்டம்” என்று பதிவு பறக்கும். “ஆரோக்கியமான விமர்சனத்தை என்றுமே வரவேற்பவன் நான்” என்ற வரி கட்டாயம் உண்டு. அப்படி வரவேற்ற ஒரு விமர்சனத்தைக்கூட அவர் அழிக்காமல் விட்டதில்லை.

கொரெய்ன் விவகாரம் வெடித்தபோதும் நீளமாக ஒரு பதிவு போட்டார். எழுத்தாளருக்கு நாகரிகம் முக்கியம், சக படைப்பாளியைக் கைதூக்கி விட வேண்டும், இத்யாதி. ஐந்தே நிமிடத்தில் ஒரு கருத்து வந்தது, அன்று காலையில்தான் உறுப்பினரான ஒரு கணக்கிலிருந்து: “இவ்வளவு ஆழமாக எழுதும் உங்களுக்கு இன்னும் ஒரு விருதுகூடத் தராதது ஏன் சார்?”

“உங்களைப் போன்ற வாசகர்கள் கிடைத்ததே விருதுதானே!” என்று தனக்குத்தானே மிகுந்த அடக்கத்தோடு பதில் எழுதினார் ஒற்றை நட்சத்திரத்தார்.