ஒரகடம் லோடு வண்டி இலக்கணம்

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுக்க வேண்டும் என்ற முறை ஸ்ரீபெரும்புதூருக்குப் புதியதல்ல. இந்த ஊரில் பிறந்த இராமானுசர், ஸ்ரீபாஷ்யத்தில் மாற்றார் கொள்கையை நீண்ட பூர்வபட்சமாக விரித்துவைத்த பின்பே தம் சித்தாந்தத்துக்கு வருகிறார். அவர் பிறந்த ஊரிலிருந்து தெற்கே சிங்கப்பெருமாள் கோவில் சாலையைப் பிடித்தால் ஒரகடம். அங்கே இன்று விவாதத்துக்குரிய பொருள் வேறு. லோடு அடிக்க ஒரு பிக்கப் வண்டி வாங்குகிறவர் டீசல் வாங்குவதா, பெட்ரோல் இன்ஜினும் பிளக்கில் சார்ஜ் ஏறும் பேட்டரியும் சேர்ந்த பிளக்-இன் ஹைப்ரிட் வாங்குவதா? மாதாமாதம் டியூ கட்டப்போகிற ஒருவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஆகவே பழைய முறையிலேயே பார்ப்போம்.

முதலில் ஹைப்ரிடின் வாதம். இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, லோனர் நிறுவனத்துக்காக, பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, சக்கரத்துக்குள் இருந்த மோட்டார்கள் வண்டியை ஓட்டும்படி ஒரு வாகனம் செய்தார். நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் பிஒய்டி நிறுவனம் மெக்சிகோவில் ‘ஷார்க்’ என்ற பிக்கப்பை அறிமுகப்படுத்தியது. அதில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 29.58 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, நானூறு குதிரைத்திறனுக்கு மேல் சக்தி. பேட்டரியில் மட்டும் 100 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஃபோர்டும் தன் ரேஞ்சர் பிக்கப்புக்கு ஒரு பிளக்-இன் வடிவத்தைத் தென்னாப்பிரிக்காவின் சில்வர்டன் ஆலையில் தயாரிக்கிறது. பேட்டரி அதில் சிறியது, 11.8 யூனிட்தான். ஆனால் டீசல் ரேஞ்சரைப் போலவே 3,500 கிலோ இழுக்கும்.

இந்தத் தரப்பின் மையம் இதுதான்: பக்கத்து டிரிப்புக்கு மின்சாரம், தூரத்து டிரிப்புக்கு பெட்ரோல், நடுவழியில் நின்றுவிடும் பயம் கிடையாது. நம் வட்டாரத்தை வரைபடத்தில் பார்த்தால் இந்த வாதம் இன்னும் பலப்படும். இருங்காட்டுக்கோட்டையில் 1990களிலிருந்து ஹூண்டாய். ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், வல்லம் வடகாலில் யமஹா. இவற்றுக்குப் பாகம் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள் இந்தச் சாலைகளின் இருபுறமும் நிறைந்திருக்கின்றன. காலையில் பிளாஸ்டிக் பின்களில் பாகத்தை ஏற்றி, டெலிவரி சலானோடு கேட்டுக்குப் போய், இறக்கி, காலி பின்னை ஏற்றிக்கொண்டு திரும்பும் மில்க் ரன் பெரும்பாலும் முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பேட்டரிக்காகவே அளவெடுத்துத் தைத்த தூரம்.

நியாயமான வாதம்தான். ஒரு நடைமுறைத் தடை உண்டு: இந்தியச் சந்தையில் பிளக்-இன் ஹைப்ரிட் பிக்கப் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசூ டி-மேக்ஸும், பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைலக்ஸும் டீசல் மட்டுமே. ஆனாலும் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பிஒய்டியின் அட்டோ 3 காரை ஸ்ரீபெரும்புதூரில்தான் பொருத்தி முடித்தார்கள். ஷார்க் போன்ற ஒரு வண்டி நாளை இங்கே வந்தால் வாங்கலாமா என்பதை, விற்பனையாளர் டீ வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே தீர்மானித்து வைத்திருப்பது நல்லது.

இனி சித்தாந்தம். வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி மைலேஜ் இல்லை. இரவில் அது எங்கே தூங்குகிறது என்பதுதான்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் சாலையில் உண்மையில் எவ்வளவு எரிபொருள் குடிக்கின்றன என்று ஐரோப்பாவில் ஆராய்ந்து 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஓட்டிய தூரத்தில் 45 முதல் 49 சதவீதம்தான் மின்சாரத்தில் ஓடியிருந்தது. கம்பெனி கார்களில் அது வெறும் 11 முதல் 15 சதவீதம். ஆய்வுக்கூடத்தில் அளந்து சான்று கொடுத்த எரிபொருள் கணக்கை விட, கம்பெனி கார்கள் ஏறக்குறைய ஐந்து மடங்கு குடித்தன. காரணம் பொறியியலில் இல்லை. பெட்ரோல் காசு கம்பெனி கொடுக்கும்போது, மழையிலும் குளிரிலும் ஒயரை இழுத்துச் சொருக யாருக்கும் தோன்றுவதில்லை.

இதை ஒரகடத்தில் பொருத்திப் பாருங்கள். வண்டி ஓனருடையது, எரிபொருள் பணம் ஓனருடையது, ஓட்டுவது டிரைவர். அவர் மாத்தூரிலோ பனப்பாக்கத்திலோ ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். வண்டியைத் தெருமுனையில் நிறுத்துகிறார். சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட் மணிக்கு மூன்றரை யூனிட்டுக்கு மேல் தராது. ஷார்க்கின் பேட்டரி நிரம்ப எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். மாடி வீட்டிலிருந்து தெருவுக்கு ஒயர் இழுக்க வீட்டு ஓனர் விடமாட்டார். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனி மீட்டர் வைத்து வசூலிக்கிற வீட்டில், ஓனரின் வண்டிக்கு டிரைவர் தன் கைக்காசில் ஏன் சார்ஜ் போட வேண்டும்? சொருகும் சிரமம் ஒருவருக்கு, மிச்சமாகும் பணம் இன்னொருவருக்கு என்று இருக்கும்வரை பிளக் சொருகப்படாது. சொருகாத ஹைப்ரிட் என்பது பேட்டரியைச் சுமக்கிற பெட்ரோல் வண்டி. லோடு வண்டிக்கு அதைவிட மோசமான நிலை கிடையாது.

இங்கேதான் பாரம் பற்றிய கணக்கு வருகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய பத்து யூனிட் ஆற்றல் இருக்கிறது. நின்று நின்று போகும் ஓட்டத்தில் இன்ஜின் அதில் மூன்று யூனிட்டைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது. மின்மோட்டார் தனக்கு வருவதில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் கொடுத்துவிடும். அப்படிப் பார்த்தால் 29.58 யூனிட் பேட்டரி, எட்டு லிட்டர் டீசல் செய்யும் வேலையைச் செய்யும். எட்டு லிட்டர் டீசலின் எடை ஏழு கிலோவுக்கும் குறைவு. அந்தப் பேட்டரியின் எடை இருநூறு கிலோவை ஒட்டி வரும். அதோடு இன்ஜின், பெட்ரோல் டேங்க், இரண்டு மோட்டார். ஆஸ்திரேலியாவில் விற்கும் ஷார்க் ஏற்றக்கூடிய பாரம் 790 கிலோதான். அதே அளவு டீசல் பிக்கப்புகள் ஒரு டன்னைத் தொடுகின்றன. லோடு வண்டி சம்பாதிப்பது தன் முதுகில் ஏறும் எடையால். இரண்டு உயிரை ஒரே உடம்பில் வைத்திருக்கும் செலவு ஒவ்வொரு டிரிப்பிலும் அந்த முதுகிலிருந்து கழியும்.

அப்படியானால் டீசல்தானே என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். பொறுங்கள். டீசலுக்கும் இந்த வட்டாரத்தில் ஒரு நோய் இருக்கிறது, அது 2020 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்தது. பிஎஸ்-6 விதி வந்ததும் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்து உட்கார்ந்தது. கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், அதற்கு அங்கே 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். இன்ஜின் சற்றுக் கூடுதலாக டீசலைப் பீச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும். ஆனால் வண்டி நிற்காமல் ஒரே சீராகக் கால் மணி, இருபது நிமிடம் ஓடினால்தான் வேலை முடியும். மில்க் ரன் வண்டிக்கு அந்த இருபது நிமிடம் எங்கே கிடைக்கும்? ஆறு கிலோமீட்டர் ஓடி, கேட்டில் வரிசையில் நின்று, பத்தடி நகர்ந்து, செக்யூரிட்டி சலானைப் பார்த்து, மறுபடி நின்று, இறக்கிவிட்டு நாலு கிலோமீட்டர் ஓடுகிறது. எரிப்பு பாதியில் அறுந்துபோகிறது. எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்கிறது. பிறகு டிபிஎஃப் லைட் எரியும், இழுவை குறையும், வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகும். குறைந்த தூரம் ஓடும் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலோ பெங்களூர் நெடுஞ்சாலையிலோ நல்ல லோடோடு அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவது வண்டியின் உடம்புக்கு அவசியம். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆக, கேட்டுக்கும் கேட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு டீசலும் பொருந்தவில்லை, ஹைப்ரிடும் பொருந்தவில்லை. பொருந்துவது முழு மின்வண்டி. குட்டி யானை என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் டீசலில் வந்தது, 2022 மே மாதம் மின்வடிவம் அறிமுகமானது. 21.3 யூனிட் பேட்டரி, சான்றளித்த தூரம் 154 கிலோமீட்டர். லோடோடு அது குறையும், குறைந்தாலும் ஒரு நாள் மில்க் ரன்னுக்குப் போதும். பாரம் 600 கிலோ, டீசல் ஏஸை விடக் குறைவுதான். பிளாஸ்டிக் பாகமும் ஒயரிங்கும் ஏற்றுகிறவருக்கு இடம் நிறைந்த பிறகும் எடை மிச்சமிருக்கும். வார்ப்பிரும்பு ஏற்றுகிறவருக்கு அப்படி இல்லை, அவர் 2024இல் வந்த ஒரு டன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். மின்வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஹைப்ரிடுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ வாரம் மூன்று முறை போகிறவர் தயங்காமல் டீசல் வாங்கலாம். அவர் வண்டியில் டிபிஎஃப் தானாகவே சுத்தமாகிவிடும்.

பிளக்-இன் ஹைப்ரிட் பிக்கப் உண்மையில் பொருந்தும் ஒரே ஆள் எனக்குத் தெரிகிறார்: கம்பெனிகளுக்கு மெயின்டனன்ஸ் எடுக்கும் கான்ட்ராக்டர். நாலு ஆளையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு, கரண்ட் வராத கட்டுமான இடத்துக்கும் போகிறவர். ரேஞ்சர் ஹைப்ரிட் தன் பேட்டரியிலிருந்து 6.9 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும். சின்ன வெல்டிங் மெஷின், கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஜெனரேட்டர் இல்லாமல் ஓடும். அவர் வண்டி இரவில் ஒர்க்ஷாப் வாசலில், பிளக்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

இரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனருக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய டீசலை விற்காமல் வெளியூர் டிரிப்புக்கு ஒதுக்கிவிட்டு, கேட் ஓட்டத்துக்கு ஒரு மின்வண்டி வாங்குங்கள். அது இரவில் கம்பெனி யார்டில் நிற்கட்டும். டிரைவருக்குத் தினமும் சார்ஜ் போட்டதற்குப் பேட்டாவில் ஒரு தொகை சேர்த்துக் கொடுங்கள்.

பெரிய கம்பெனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். சப்ளையர்களிடம் கார்பன் கணக்கு கேட்கும் ஆலைகள், அந்தச் சப்ளையரின் வண்டி மணிக்கணக்கில் காத்திருக்கும் கேட்டுக்கு வெளியே ஒரு வரிசை 15 ஆம்பியர் சாக்கெட் போட்டுத் தரலாம். இரண்டு மணி நேரக் காத்திருப்பில் ஆறேழு யூனிட் ஏறும், அதாவது ஏஸின் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சாக்கெட்டுக்கு ஆகும் செலவு கேட்டில் நிற்கும் பூந்தொட்டிகளின் செலவைத் தாண்டாது. சிப்காட் புதிதாக லாரி நிறுத்துமிடம் கட்டும்போது இதை வரைபடத்திலேயே சேர்க்கச் சொல்லி, வண்டி ஓனர்கள் இப்போதே மனு கொடுக்கலாம்.