சிங்கம் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆப்பிரிக்கா போய்ச் சிங்கம் பார்க்க வேண்டும் என்று சென்னைப் பக்கத்துப் படூர்க்காரர் ஒருவருக்கு ஆசை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தப்பில்லை. வருஷம் முழுக்கச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் திரையையே பார்த்த கண். ஓஎம்ஆர் சிக்னலில் முன்னால் நிற்கிற தண்ணீர் லாரியின் முதுகைப் பார்த்த கண். காலாண்டு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கென்யாவின் மாசாய் மாராவுக்குப் போனால், வில்டபீஸ்ட் மான்கள் ஆயிரக்கணக்கில் ஆறு தாண்டுவதைப் பார்க்கலாம். பணம் அவருடையது. லோனும் அவருடையது. நமக்கென்ன?

நமக்கு ஒன்றுமில்லை. அரசாங்கத்துக்குத்தான் இருக்கிறது.

முதலில் விமானம். சென்னையிலிருந்து நைரோபிக்கு நேராகப் போக முடியாது. மும்பையில் மாற வேண்டும், இல்லையென்றால் துபாயில், தோஹாவில் நடுராத்திரியில் தூங்கி வழிய வேண்டும். அடுத்தது அனுமதி. 2024 ஜனவரி முதல் எங்கள் நாட்டுக்கு வர யாருக்கும் விசாவே வேண்டாம் என்று கென்யா பெருமையாக அறிவித்தது. விசா வேண்டாம், இணையத்தில் விண்ணப்பித்துப் பயண அனுமதி மட்டும் வாங்கினால் போதும். அதற்கு 30 டாலர். கதவைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வாடகை வாங்குகிற கதை. உள்ளே போனால், மாசாய் மாராவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். போகட்டும். அவர்கள் சிங்கம், அவர்கள் விலை.

இனிமேல்தான் நம் அரசாங்கம் வருகிறது, மஞ்சள் அட்டையோடு.

கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குப் போகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தெருமுனை டாக்டரிடம் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் இருக்கிறது, துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து. திறந்துவிட்டால் சீக்கிரம் தீர்த்தாக வேண்டும். அதனால் நாள் குறித்து, ஆள் சேர்த்துப் போடுவார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். போட்டதும் மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். முன்பு அதற்குப் பத்து வருஷம்தான் ஆயுள். 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்கச் செல்லும். அரசாங்கம் தருகிற எதற்கும் இவ்வளவு ஆயுள் கிடையாது, பூமி பூஜைக் கல்வெட்டைத் தவிர.

இதில் வேடிக்கை, துபாய் வழியாகப் போகிற இந்தியரிடம் இந்த அட்டையைக் கென்யா கட்டாயமாகக் கேட்பதில்லை. நம்மிடம்தான் அந்த நோய் இல்லையே. திரும்பி வரும்போது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நம் அதிகாரி கேட்பார். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமை. பிறந்த மண்ணில் கால் வைக்கத்தான் இந்தச் சீட்டு.

விதியைக் கேலி செய்யவில்லை. விதி நியாயமானது. இந்தியாவில் இதுவரை ஒருவருக்கும் மஞ்சள் காய்ச்சல் வந்ததில்லை, வரவும் கூடாது. 2016இல் அங்கோலாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பிய 11 பேர் நோயோடு போய் இறங்கினார்கள். பயம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பயத்துக்கு அரசாங்கம் சொல்கிற காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி என்கிற கொசு. டெங்குவைப் பரப்புகிற அதே கொசு. அது இந்தியா முழுக்கத் தாராளமாக இருக்கிறது. வைரஸ் மட்டும்தான் இல்லை. ஒரு நோயாளி வந்து இறங்கினால் போதும், மிச்ச வேலையைக் கொசு பார்த்துக்கொள்ளும். ஆகவே பயணியைத் தடுக்கிறோம்.

புரிகிறதா? மஞ்சள் அட்டை சுகாதாரச் சான்றிதழ் இல்லை. ஒப்புதல் வாக்குமூலம். கொசுவிடம் தோற்றுவிட்டோம் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, காசும் வாங்கிக்கொண்டு நம் கையிலேயே கொடுக்கிற வாக்குமூலம். கொசுவைப் பிடிக்க முடியவில்லை. படூர்க்காரரைப் பிடிக்க முடிகிறது. அவருக்கு பாஸ்போர்ட் இருக்கிறது, முகவரி இருக்கிறது, இறக்கை இல்லை.

அந்தக் கொசு எங்கே பிறக்கிறது என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். சாக்கடையில் இல்லை. நல்ல தண்ணீரில். குழாய்த் தண்ணீர் வராத ஊரில் லாரித் தண்ணீரைப் பிடித்து வைக்கிற சம்ப்பில். மூடி உடைந்த சின்டெக்ஸ் தொட்டியில். கட்டி முடிக்காத பதினான்கு மாடியில், கான்கிரீட்டுக்குப் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீரில். பஞ்சர் கடை வாசலில் கிடக்கிற டயரில். தோண்டிப் போட்டு, பில் பாஸாகி, மூடாமல் விட்ட மழைநீர்க் கால்வாயில். கேளம்பாக்கத்திலிருந்து நாவலூர் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சஃபாரிக்கு ஜீப் தேவையில்லை.

2017இல் தமிழ்நாட்டில் டெங்கு வந்தது. அரசுக் கணக்கிலேயே 23 ஆயிரம் பேருக்கு மேல். அரசுக் கணக்கிலேயே 65 சாவு. கணக்கில் ஏறாத சாவுக்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயர் வைத்தார்கள். என்ன மர்மம்? எந்தக் கொசு, எந்தத் தண்ணீர், எந்தக் கால்வாய், எந்தக் கான்ட்ராக்டர் என்று ஊருக்கே தெரியும். நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். கொடுக்கிறவர் போட்டோவுக்குச் சிரித்தார். குடிக்கிறவர் சிரிக்கவில்லை.

இப்போது ஊசியின் கதைக்கு வருவோம். அது செங்கல்பட்டில்தான் போய் நிற்கிறது.

அரசு மையங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி இமாசலப் பிரதேசத்துக் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையம் வழியாக வருவது வழக்கம். 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், நம் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் ஆகிய மூன்று அரசு தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தையும் ஒரே மூச்சில் நிறுத்தி வைத்தார்கள். தரம் போதவில்லையாம். தரத்தை உயர்த்துவதற்குப் பதில் கதவைச் சாத்தினார்கள். அப்போது மத்திய சுகாதார அமைச்சர் தமிழ்நாட்டுக்காரர். கூச்சல் எழுந்தது, 2010இல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, உலகத் தரத்தில் புதிதாக ஒன்று கட்டுகிறோம் என்று செங்கல்பட்டுக்கு வந்தார்கள். ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம். 2012இல் ஒப்புதல். மதிப்பீடு 594 கோடி. இடம் 100 ஏக்கர். கட்டினார்கள், இயந்திரம் இறக்கினார்கள், செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. உற்பத்தி மட்டும் தொடங்கவில்லை.

2021 மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஊர் முழுக்கத் தடுப்பூசிக்கு அலைந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். ஆக்சிஜன் தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். செத்தவர்கள் மறுத்துப் பேசவில்லை. அதே செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாய்த் தடுப்பூசித் தொழிற்சாலை ஏசி போடாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நடத்த ஆள் வேண்டும் என்று மத்திய அரசு கேட்டிருந்தது, யாரும் வரவில்லை. முதலமைச்சர் ஸ்டாலின் மே 25 அன்று போய்ப் பார்த்தார், எங்களிடம் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதங்கள் நன்றாகத்தான் எழுதப்படுகின்றன.

ஊசிதான் இல்லை, சான்றிதழ் அமோகம். கொரோனா சான்றிதழில் பிரதமர் படம் போட்டார்கள். என் காசில் போட்ட ஊசிக்கு அவர் படம் எதற்கு என்று கேரளத்தில் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். 2021 டிசம்பரில் ஒரு லட்சம் அபராதம் விதித்து அனுப்பினார்கள். மேல்முறையீட்டில் தொகை குறைந்தது. படம் குறையவில்லை.

இதற்கு நடுவே ஆப்பிரிக்காவிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். 2022 செப்டம்பர் 17, பிரதமரின் பிறந்தநாள். நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிப் புலிகள், தனி போயிங் 747இல். விமானத்தின் மூக்கில் புலி முகம் வரைந்திருந்தார்கள். வந்தது அந்தப் புலியில்லை, அதனாலென்ன? குவாலியரில் இறங்கி, விமானப்படை ஹெலிகாப்டரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காடு. துபாயில் மாற வேண்டியதில்லை. தோஹாவில் தூங்கி வழிய வேண்டியதில்லை. அந்தக் காடு குஜராத் சிங்கங்களுக்காகத் தயார் செய்த காடு. அதற்காகக் கிராமங்களையே காலி செய்தார்கள். சிங்கங்களை ஆறு மாதத்துக்குள் கொண்டுபோங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவு போட்டது. பக்கத்து மாநிலத்துச் சிங்கத்துக்கு இன்றுவரை டிக்கெட் கிடைக்கவில்லை.

சரி, சிவிங்கிக்கு உடல் பரிசோதனை செய்தார்களா? செய்தார்கள். வந்த எட்டில் சாஷா என்ற பெண் சிவிங்கி 2023 மார்ச்சில் சிறுநீரகம் கெட்டுச் செத்தது. உடனே அரசுத் தரப்பு விளக்கம் வந்தது: எங்கள் மேல் தப்பில்லை, நமீபியாவில் 2022 ஆகஸ்ட் 15 அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையிலேயே கிரியேட்டினின் 400க்கு மேல் இருந்தது, இங்கே வரும் முன்பே அதற்கு நோய்.

மறுபடியும் படியுங்கள். பரிசோதனைத் தாளில் நோய் இருந்தது. ஒரு மாதம் கழித்துத் தனி விமானத்தில் ஏற்றினார்கள். படூர்க்காரரிடம் மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை உள்ளே. சாஷாவுக்குச் சிவப்புக் கம்பளம். பிறந்தநாளைத் தள்ளிப்போட முடியாதல்லவா?

மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை மூண்டது. ‘ஆபரேஷன் காவேரி’ என்று பெயர் வைத்து நம்மவர்களை மீட்டு வந்தார்கள். நல்ல காரியம். குண்டுக்குத் தப்பி, போட்டது போட்டபடி ஓடி வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மஞ்சள் அட்டை இல்லை என்று தனிமைப்படுத்தினார்கள். மருத்துவக் காரணம் சரியே. ஓடி வந்தவர் காவலில் இருந்தார். வெளியே கொசு சுதந்திரமாகப் பறந்தது.

கடைசியாக ஒரு விதி. இதைத்தான் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளுக்கு இந்தியா கட்டுப்பட்டிருக்கிறது. அதன்படி, விமான நிலையத்தில் பயணிகள் புழங்கும் இடத்திலிருந்து குறைந்தது 400 மீட்டர் தூரத்துக்கு நோய் பரப்பும் கொசு போன்றவற்றைக் கட்டுப்படுத்த நாடுகள் திட்டம் வகுக்க வேண்டும். இதற்கென்று மத்திய அரசின் விமான நிலைய சுகாதார அலுவலகம் இருக்கிறது, ஆய்வு இருக்கிறது, லார்வா கணக்கு இருக்கிறது. டிக்கெட் வாங்கியவருக்கு 400 மீட்டர். நானூற்றி ஒன்றாவது மீட்டரிலிருந்து வாக்காளர் ஆரம்பிக்கிறார்.

ஆகவே படூர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். கென்யா போகிறவர்கள் பத்து நாள் முன்னதாக ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போகாதவர்கள் அடுத்த கிராம சபைக்குத் தவறாமல் போங்கள். கால்வாயை மூடு, கொசு மருந்து அடி என்று பழைய பல்லவி பாடாதீர்கள், அதற்குப் பதில் மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதுதான். படூரை விமான நிலையமாக அறிவிக்கக் கோரி ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். ஓடுபாதை வேண்டாம். விமானமும் வேண்டாம். அந்த 400 மீட்டரை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.