சோம்பேறிகள் எழுதிய சரித்திரம்

கல்லூரியில் சேர்ந்துவிட்டு வகுப்புப் பக்கமே தலைகாட்டாததால், வர்ஜீனியா பல்கலைக்கழகம் வெளியே அனுப்பிவைத்த பிள்ளை ஜான் பேக்கஸ். அப்புறம் ராணுவம். அப்புறம் மருத்துவப் படிப்பு, அதுவும் ஒட்டவில்லை. அப்புறம் ரேடியோ பள்ளிக்கூடம். எங்கள் சிம்பாங் அம்பாட்டில் இப்படி ஒருவன் இருந்தால், பெண் கொடுப்பதற்கு முன் நாலு தாமானில் விசாரிப்பார்கள். நியூயார்க்கில் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். கொலம்பியாவில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தவன், மேடிசன் அவென்யூவில் ஐ.பி.எம். காட்சிக்கு வைத்திருந்த ராட்சதக் கணினியை வேடிக்கை பார்க்க நுழைந்தான். பேச்சுவாக்கில் வேலை தேடுவதாகச் சொன்னான். அங்கேயே நேர்முகம், அங்கேயே வேலை. சம்பளக்காரர் ஆகிவிட்டதால் இனி 'அவர்'.

அந்த நாளில் கணினிக்கு ஒவ்வொரு அசைவையும் எண்ணாகப் பிரித்து ஊட்ட வேண்டும். பேக்கஸுக்குச் சோம்பலாக இருந்தது. பின்னாளில் அவரே அதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டார். 1953 கடைசியில் மேலதிகாரிக்குக் கடிதம் போட்டார்: நாங்கள் சூத்திரத்தை எழுதுகிறோம், மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். எப்போது முடியும் என்று கேட்டால் ஆறு மாதம். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் ஆறு மாதம். மூன்று வருடத்துக்கு மேல் இழுத்து, 1957 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுக்கூடத்தில் பெயரெழுதாத துளையட்டைக் கட்டு ஒன்று வந்து இறங்கியது. இதுதான் பேக்கஸ் கோஷ்டி செய்துகொண்டிருந்த ஃபோர்ட்ரான் மொழியாக இருக்கும் என்று ஊகித்து ஓட்டினார்கள். ஃபோர்ட்ரான் தன் வாடிக்கையாளரிடம் பேசிய முதல் பேச்சு: ஓர் இடத்தில் கமாவைக் காணோம். பிறந்த குழந்தை அழாமல் குற்றம் சொன்னது.

இந்த மொழியில் x = x + 1 என்று எழுதலாம். தமிழ்ப்பள்ளியில் எழுதியிருந்தால் வாத்தியார் காதைத் திருகியிருப்பார். தோட்டத்துக் கிராணிக்கு மட்டும் உடனே புரியும்: செக்ரோலில் நேற்று எழுதியதை அழித்துவிட்டு அதே கட்டத்தில் இன்றைய கணக்கு. இடையில் யார் அழித்தது என்று கேட்கக் கூடாது. வானிலை, அணு உலை, ராக்கெட் எல்லாம் இந்த அழிரப்பர் கணக்கில்தான் ஓடின.

அழிக்கவே கூடாது என்ற கட்சி அதற்கு முன்பே இருந்தது. 1930களில் பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச் லாம்டா கணிதத்தை உண்டாக்கினார். ஒன்றைப் போட்டால் ஒன்று வரும். அதையே மறுபடி போட்டால் அதுவே வரும். போட்டுப் பார்க்க அப்போது கணினிதான் இல்லை, அதனால் கட்சிக்குத் தோல்வியும் இல்லை. 1958இல் ஜான் மெக்கார்த்தி அந்த வாசனையில் அடைப்புக்குறி மயமான லிஸ்ப் மொழியைச் செய்தார். அடைப்புக்குறிகளை எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள் ஃபோர்ட்ரான் திண்ணையை விட்டு இறங்கவேயில்லை.

1977இல் சியாட்டிலில் பேக்கஸுக்குக் கணினித் துறையின் உச்சப் பரிசான டூரிங் பரிசு. ஃபோர்ட்ரானைப் பெற்றவருக்கு மாலை. மேடையேறியவர், பிள்ளையின் வம்சத்தையே போட்டுத் தாக்கினார்: இந்த மொழிகளெல்லாம் வருடா வருடம் கொழுக்கின்றனவே தவிர வலு ஏறவில்லை, இனி அந்த அழிக்காத கட்சிதான், அதாவது ஃபங்ஷனல் புரோகிராமிங்தான் வழி. ஆதாரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது இரண்டு வரிசைகளைப் பெருக்கிக் கூட்டும் கணக்கு, அறிவியல் கணிப்பின் அன்றாடச் சோறு.

நம்மூர் மாமாக் கடையிலேயே செய்து பார்க்கலாம். 3 ரொட்டி சானாய், 2 தே தாரிக், 1 மீ கோரேங். விலை 2, 3, 7 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட்ரான் வழி: மொத்தம் என்ற பெட்டியில் பூஜ்யம் போடு. ஐ என்ற பெட்டியில் ஒன்று போடு. ஐயாவது எண்ணிக்கையை ஐயாவது விலையால் பெருக்கு. மொத்தத்தோடு கூட்டு, பழைய மொத்தத்தை அழி. ஐயை ஒன்று ஏற்று. மூன்றைத் தாண்டியதா பார், தாண்டாவிட்டால் திரும்பிப் போ. பேக்கஸ் வழி: இரண்டு வரிசையையும் ஜோடி சேர், ஜோடிகளைப் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. பெட்டியும் கிடையாது, ஐயும் கிடையாது. மேசையை ஒரு பார்வை பார்த்து '19 வெள்ளி' என்கிற அண்ணனுக்கு டூரிங் பரிசு கொடுக்காதது அநியாயம்.

ஃபோர்ட்ரான் என்ன செய்தது? கோபித்துக்கொள்ளவில்லை. 1990ஆம் வருடத் தரத்தில் இந்தப் பெருக்கிக் கூட்டும் வேலையை ஒரே சொல்லாக உள்ளே வைத்துக்கொண்டது. 1995இல் 'ப்யூர்' என்று ஒரு முத்திரையும் சேர்த்தது: இந்தச் செயற்கூறு வெளியே எதையும் தொடாது என்று சத்தியப் பிரமாணம். அப்பா திட்டியதைக் காதில் வாங்காததுபோல் இருந்து, அவர் பெட்டியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்ட பிள்ளை.

போட்டிக்கு வந்தவர்கள் கதி பரிதாபம். லிவர்மோர் அணு ஆய்வுக்கூடமும் கூட்டாளிகளும் 1983இல் சிசால் என்ற ஃபங்ஷனல் மொழியை இறக்கினார்கள். 1992இல் டேவிட் கேன், க்ரே சூப்பர் கணினியில் அது ஃபோர்ட்ரானுக்கு ஈடாக ஓடுவதை அளந்து காட்டி, ஃபோர்ட்ரானுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார். கொஞ்ச வருடத்தில் ஓய்வு பெற்றது சிசால். எம்.ஐ.டி.யில் அரவிந்தும் ரிஷியூர் நிகிலும், இரண்டு பேரும் ஐ.ஐ.டி. கான்பூர்ப் பிள்ளைகள், அழிக்காமலே பெரிய அணிகளைக் கையாளும் 'இட்' மொழிக்காக வருடக்கணக்கில் மெனக்கெட்டார்கள். அந்த அனுபவம் கடைசியில் சில்லு வடிவமைக்கும் ப்ளூஸ்பெக் மொழியாகக் காசு பார்த்தது.

இரண்டாவது சோம்பல் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழி. முதல் அறிக்கையின் தேதி 1990 ஏப்ரல் 1, நம்பினால் நம்புங்கள். இங்கே சோம்பேறி மனுஷனல்ல, மொழி. யாராவது கேட்டாலொழியக் கணக்குப் போடாது. சென்னைக் கணிதவியல் கழகத்தில் இளங்கலை முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், x = x + 1 பழக்கம் தொற்றுவதற்கு முன்னாலேயே. பத்து காவான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இப்போதுதான் ஹாஸ்கெலைத் தொட்டிருக்கிறான்.

"மாமா, ஒரு தடவ வச்ச x-அ மாத்தவே முடியலையே! அப்புறம் எப்படி லூப் போடுறது?"

ஜான் ஹியூஸ் 1980களில் காட்டிய வழியைச் சொன்னேன். 2-இன் வர்க்கமூலம் வேண்டும். 1-இல் தொடங்கு, கையில் உள்ள எண்ணுக்கும், 2-ஐ அதால் வகுத்தால் வருவதற்கும் சராசரி எடு. 1.5, 1.4167, 1.41422 என்று முடிவில்லாத பட்டியல் வரும். மொழி சோம்பேறி, அதனால் பட்டியல் முடியாவிட்டாலும் பயமில்லை. எங்கே நிறுத்துவது என்பது தனிச் செயற்கூறு: அடுத்தடுத்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றானால் போதும். அதே நிறுத்தியை நாளைக்கு வகைக்கெழுவுக்கும் தொகையீட்டுக்கும் மாட்டிக்கொள்ளலாம்.

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது ஃபாஸ்ட்டா ஓடுமா மாமா?"

ஐம்பது வருடமாக எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்குக் கெட்டிக்காரத்தனமான பதில் 1997இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. மத்தேயோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் ஃபூரியே உருமாற்றத்துக்கு எஃப்.எஃப்.டி.டபிள்யூ. என்ற நிரலகத்தை வெளியிட்டார்கள். வேகமான 'சி' மொழி வரிகள். அவற்றில் வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதியை மனுஷன் எழுதவில்லை. ஓகாமல் என்ற ஃபங்ஷனல் மொழியில் ஒரு நிரல் எழுதி, அதை உட்காரவைத்து எழுத வைத்தார்கள். எழுதுகிற போக்கில் அது யாரும் அறியாத சில கணக்கு வழிகளையும் கண்டுபிடித்துத் தொலைத்தது. 1999இல் வில்கின்சன் பரிசு மனுஷர்களுக்குப் போனது. மேட்லாபில் எஃப்.எஃப்.டி. என்று தட்டுகிறவருக்கும் உள்ளே உழைப்பது இந்த நிரலகம்தான்.

ஃபோர்ட்ரானிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். கையேட்டில் ஃபோர்ட்ரான்காரர்களுக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. அணியின் பரிமாணங்களைத் தலைகீழ் வரிசையில் கொடுக்கச் சொல்லும் அத்தியாயம்.