கொல்லைப்புற அகழாய்வு

துணி உலர்த்தும்போது மனைவியின் ஒற்றைத் தோடு கொல்லையில் விழுந்துவிட்டது. மண்ணை அள்ளிச் சல்லடையில் சலித்திருந்தால் அரை நாள் வேலை. நான் மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அந்தப் பாதிக்கே அவள் முகம் மாறிவிட்டது.

சமாளிக்க ஒரு கதை கைவசம் இருந்தது. "1992-ல இங்கிலாந்துல, ஹாக்சன்னு ஒரு கிராமம். ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைச்சுட்டார். தெரிஞ்சவர் ஒருத்தர் இதே மாதிரி கருவியோட தேடப் போனார். ரோமானியர் காலத்துக் காசு, சுமார் 15,000! தங்கமும் வெள்ளியுமா!"

"சுத்தியல் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்கு."

"அதை முதல்ல சொல்லுங்க. காலை மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே கொல்லைக்கு நழுவினேன்.

கருவியின் நுனியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டு. அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். கீழே உலோகம் இருந்தால், அதில் மின்னோட்டம் சுழன்று பதில் வரும். கருவி கூவும், திரையில் ஓர் எண் தெரியும். வட்டைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில், சாய்க்காமல், மெதுவாக வீச வேண்டுமாம். நான் சிலம்பம் சுற்றினேன். அது துவைக்கிற கல்லில் மோதிக் கத்தியதைப் புதையல் என்று நினைத்தேன்.

அடுத்து, ஓர் இடத்தில் விடாமல் அலறியது. முழங்கை ஆழம் தோண்டியும் ஒன்றுமில்லை. ஓரடி தள்ளிப் போனேன், அங்கேயும் அலறல். இரண்டாவது பள்ளத்தின் பாதியில்தான் கவனித்தேன். கொலுசும் மெட்டியுமாக அவள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். 1881-ல் குண்டடிபட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தோட்டாவைத் தேட, தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லே ஒரு கருவியோடு போய்த் தோற்றார். கட்டில் மெத்தையின் கம்பிச்சுருள்கள் குழப்பிவிட்டன என்கிறார்கள். பெல்லுக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம்?

அன்று கிடைத்தவை: வீடு கட்டியபோது புதைந்த கட்டுக்கம்பி, சோடா மூடி, குடைக்கம்பி, ஒரு பத்து ரூபாய் நாணயம். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "புதையலா சார்? கலெக்டருக்குச் சொல்லணுமே" என்றார். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் என்றால்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தது மிகச் சரியாகப் பத்து. ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொன்னாலும் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதால், மதிப்பு அதைவிடக் குறைவு என்றே வாதாடலாம்.

மறுநாள், ஜன்னலுக்கு நேர் கீழே இதமான ஒரு கூவல். தோண்டினேன். மண்ணுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. சட்டென்று அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். வேண்டாத உலோகத்தை ஒதுக்க இதில் ஒரு பொத்தான் உண்டு. அந்த எண் வந்தால் இனி வாயைத் திறக்காதே என்று கருவிக்கு உத்தரவு போட்டேன். பிறகு மூன்று நாள் கொல்லை முழுவதும் அமைதி. நானும் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவள் கையேட்டை எடுத்துப் படித்துவிட்டாள். எந்தச் சாமான் வாங்கினாலும் கையேட்டைப் படிப்பவள் அவள்தான்.

"ஏங்க, சின்னத் தங்க நகையும் அலுமினியத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுல வரும்னு போட்டிருக்கே. நீங்க அந்த எண்ணைத்தானே ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

"அது... தேவையில்லாத குப்பையெல்லாம் வருதுன்னு..."

பொத்தானை அவளே மாற்றினாள். மெட்டி அலறக்கூடாது என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ம், ஜன்னல் பக்கம்" என்றாள். கருவி கச்சேரியே வைத்தது. தோண்டத் தோண்ட அட்டை. இந்த முறை லுங்கியில் இடமும் இல்லை, தைரியமும் இல்லை. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பன்னிரண்டாவது பள்ளத்தில் மண்கட்டியை உடைத்தபோது, சிவப்புக் கல் மினுங்கியது.

"தோடு கிடைச்சுடுச்சு!" என்று கத்தினேன்.

அவள் நிமிரவே இல்லை. அட்டைகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்கி, பிரிக்காமல் இருந்த சர்க்கரை மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.