ஒட்டுறதுக்கு முதல் ஒருக்கால் கேள், பிள்ளை

கனடாவிலையிருந்து ஊருக்கு வாற சனம் முந்திச் சொக்கிலேற்றும் கோடாலித் தைலமும் கொண்டு வரும். நீ பூப்போட்ட கடுதாசி, நெளிநெளியா வெட்டுற கத்தரிக்கோல், மினுங்கிற ஒட்டுப்படம் எண்டு ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து இறங்கியிருக்கிறாய். பிள்ளையளோடை ஊர் சுத்திப் பார்த்து, வெட்டி ஒட்டி, கையாலை ஒரு நினைவுக் கொப்பி செய்யப் போறியாம். செய், பிள்ளை. நல்ல காரியம். ஆச்சி மட்டும் அந்தப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்திட்டு, முழங்காலுக்குப் பூச உதுக்குள்ளை ஒண்டுமில்லையோ எண்டு கேட்டவ. அவ கிடக்கட்டும். நான் புத்திமதிக்குக் காசு வாங்கிறேல்லை. அதாலைதான் ஒருத்தரும் கேக்கிறேல்லை. நீயாவது கேள்.

முதல் பக்கத்திலை யாழ்தேவி ரிக்கற்றை ஒட்டுறதெண்டு கொழும்பிலையே முடிவு கட்டிக்கொண்டு வந்தனி. இறங்கின உடனை வாசலிலை நிண்டவர் கையை நீட்டி அதை வாங்கிப்போட்டார், உன்ரை மூத்தவன் வீடு வரைக்கும் அழுதுகொண்டு வந்தான். இந்த நாட்டிலை கோச்சி ரிக்கற் அப்பிடித்தான், இறங்கிற இடத்திலை குடுத்திட்டுப் போற சாமான். காசு குடுத்து வாங்கினனான் எண்டு நீ அவரோடை இங்கிலீசிலை நியாயம் கதைச்சதை வேம்படியிலை இருந்த ஆக்கள் இன்னும் நடிச்சுக் காட்டுகினம். அடுத்த முறை கோச்சிக்குள்ளையே ரிக்கற்றை உள்ளங்கையிலை வைச்சு ஒரு படம் எடுத்துப்போட்டு இறங்கு.

ரிக்கற் இல்லாத இடம் வெறுமையாக் கிடக்குதெண்டு அதிலை மினுங்கல் ஒட்டிப்போடாதை. எழுது. யாழ்தேவி முதல் ஓடினது 1956 சித்திரை 23. 1990 ஆனியோடை யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நிண்டது. பேந்து தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் எங்கை போனதெண்டு பிள்ளையள் கேட்டால், பங்கருக்கு மேலை போனதெண்டு சொல்லு. இந்தியாவின்ரை இர்கொன் கொம்பனி வந்து புதுசாப் பாதை போட்டு, 2014 மாசி கழிஞ்சு பங்குனி 4ஆம் திகதி பளைக்குக் கோச்சி வந்தது. ஐப்பசி 13இலைதான் யாழ்ப்பாணம் போனது. இடையிலை கிடந்த அந்த ஏழு மாசத்தைப் பெரிய எழுத்திலை போடு, பிள்ளை. அவ்வளவு காலமும் பளைதான் கடைசி ஸ்ரேசன். யாழ்ப்பாணம் போற பெரிய மனுசர் எல்லாரும் இஞ்சை இறங்கி, பெட்டியைச் சுமந்து, பஸ்ஸுக்கு இடிபட்டவை. பளையைக் கோச்சி யன்னலாலை மட்டும் கண்ட சனம், எங்கடை கடையிலை பிளேன்ரீ குடிச்சுப்போட்டு நல்லாயிருக்குதெண்டு சொன்ன காலம் அது ஒண்டுதான். கோச்சி அங்காலை போனாப்பிறகு ஒருத்தரும் சொல்லேல்லை. பிளேன்ரீ அதே பிளேன்ரீதான்.

பஸ் ரிக்கற் கிடக்குதெண்டு சந்தோசப்படாதை. மிசினிலை அடிச்சுத் தாற அந்தத் துண்டு சூட்டிலை எழுத்து வாற கடுதாசி. எங்கடை வெயிலிலை கொஞ்ச நாளிலை வெளிறிப் போகும். நீ வெள்ளைக் கடுதாசியை ஒட்டி வைச்சிருக்கிறாய் எண்டு பேரப்பிள்ளையள் சிரிக்கும். போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டு. பேப்பரிலை வெட்டின செய்தித் துண்டுக்கும் அதுதான் வழி. பத்திரிகைக் கடுதாசி தானும் மஞ்சளாகிப் பக்கத்திலை கிடக்கிற படத்தையும் மஞ்சளாக்கும். ஆனையிறவு உப்பளத்திலை சின்னவள் ஒரு பிடி உப்பைப் பொலித்தீனிலை முடிஞ்சு கொண்டு வந்தவளெல்லே, அதைக் கொப்பிக்குள்ளை வைச்சிடாதை. உப்பு காத்திலை கிடக்கிற ஈரத்தை இழுக்கும். மாரி வந்தால் ஆனையிறவு முழுக்க உன்ரை மூண்டாம் பக்கத்திலை நிக்கும். உப்பைக் கறிக்குப் போடு, அவள் பொறுக்கின கதையைக் கொப்பிக்குப் போடு.

செலோரேப் கண்ணிலையும் காட்டாதை. எண்பதுகளிலை பிளாஸ்ரிக் தாள் மூடின ஒட்டு அல்பம் ஒண்டு வந்தது. எல்லாருக்கும் பெரிய புளுகம், மூலையும் வேண்டாம் பசையும் வேண்டாம். இப்ப அந்தப் பசை பழுத்து, படம் தாளை விட்டு வராது. பல்லிடுக்குக்குப் போடுற நூலைப் படத்துக்குக் கீழை விட்டு மெல்ல மெல்ல அறுத்தால் வரும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுகினம். செய்து பார்க்கலாம் எண்டால் ஆச்சிக்கு அந்த நூல் வாங்கிற தேவை எப்பவோ போச்சுது. அமிலமில்லாத கடுதாசி எண்டு நீ விலை குடுத்து வாங்கினது சரியான வேலைதான், நான் பகிடி பண்ணேல்லை. ஆனால் எங்கடை ஊர்க் கறையான் அமிலம் பார்த்துத் தின்னுற சாதியில்லை. நிலத்திலை வையாதை, சுவரோடை சாத்தாதை.

அமெரிக்காவிலை மார்க் ட்வைன் எண்டொரு எழுத்தாளர் இருந்தவர். அவருக்கும் உன்ரை வியாதிதான், வெட்டி ஒட்டுற பைத்தியம். பசைப் போத்திலோடை மாரடிக்க ஏலாமல், தாளிலை முதலே பசை பூசின கொப்பி ஒண்டைச் செய்து 1873இலை காப்புரிமையும் எடுத்தார். தண்ணி தொட்டால் ஒட்டும். அவர் எழுதின ஒரு சொல்லும் இல்லாத அந்தப் புத்தகம் நல்லா வித்துதாம். உதை எங்கடை எழுத்தாளர்மாருக்குச் சொல்லிப்போடாதை, நெஞ்சு நோவு வரும்.

மட்டைக்கு அந்த மினுங்கல் வேண்டாம். பனங்குருத்தோலையிலை பெட்டியும் தடுக்கும் பின்னுற பெண்டுகள் இந்தப் பக்கத்திலை இருக்கினம். சாயம் போட்ட ஓலையிலை ஒரு மட்டை பின்னித் தரச் சொல்லு. விலை மட்டும் பேசாதை. அங்கை ஒரு ஒட்டுப்படத் தாளுக்குக் குடுத்த டொலரை ரூபாயிலை சொன்னால் அவை உன்னைத் திரும்பி ஒருக்கால் பார்ப்பினம்.

இனி இது பகிடியில்லை. வழியிலை கண்டதைப் பொறுக்கிற பழக்கம் எங்கடை மருமோனுக்கு, அதுதான் உன்ரை மனுசனுக்கு, கொஞ்சம் கூட. சோகி, சிப்பி, தென்னம்பூ எதெண்டாலும் எடுக்கட்டும். முகமாலைப் பக்கம் துருப்பிடிச்ச ஒண்டைக் கண்டால் குனியப்படாது. ரண்டாயிரத்திலையிருந்து கனகாலம் சண்டைக்கோடு கிடந்த நிலம் அது. மண்ணுக்குள்ளை எவ்வளவு வெடி தாட்டுக் கிடந்ததெண்டு அங்கை வேலை செய்த ஹலோ ட்ரஸ்ட் ஆக்களைக் கேட்டால் தெரியும். எங்கடை ஊர்ப் பெண்டுகளும் முகக்கவசம் போட்டு, முழங்காலிலை இருந்து, மண்ணைக் கரண்டியாலை சுரண்டிச் சுரண்டித்தான் எடுத்தவை. சிவப்புப் பலகை கண்டால் அதுக்கு முன்னாலை நிண்டு செல்பியும் வேண்டாம்.

பயணக் கொப்பி எண்டு நீ சொல்லேக்கை எனக்குச் சிரிப்பு வந்ததுக்குக் காரணம் இருக்கு. பயணம் எங்களுக்கும் தெரியும் பிள்ளை. தொண்ணூறுகளிலை ஆனையிறவுப் பாதை மூடிக் கிடக்கேக்கை கிளாலிக் கடலாலை இரவிலை வள்ளத்திலை போனம். ஒரு எஞ்சின் வள்ளம், பின்னாலை கயித்திலை கட்டின வள்ளங்கள், உள்ளுக்கை பெட்டி, சைக்கிள், குழந்தை. ஒருத்தரும் படம் எடுக்கேல்லை, லைற் அடிச்சால் நேவி வரும். 2002இலை ஏ-9 திறந்தது. முகமாலையிலை ஒரு வரிசை, ஓமந்தையிலை ஒரு வரிசை, கையிலை பாஸ், நிரப்பின படிவம். 2006 ஆவணியிலை திரும்ப மூடிச்சுது. அந்தப் பாஸை அல்பத்திலை ஒட்டி வைச்ச ஒருத்தரை எனக்குக் காட்டு பார்ப்பம்.

வெளிக்கிடேக்கை சனம் முதல் எடுத்தது அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி, பேந்து நகை. அல்பம் பாரம். அதிலையிருந்து ஒண்டு ரண்டை உருவிச் சேலைக்குள்ளை செருகின ஆக்களும் உண்டு, பால்மாப் பேணிக்குள்ளை போட்டு வளவிலை தாட்ட ஆக்களும் உண்டு. திரும்பி வந்து கிண்டினால் படமெல்லாம் ஈரத்திலை ஒட்டி ஒரே கட்டி. கையாலை பிடுங்கின ஆக்கள் கலியாணப் பொம்பிளையின்ரை முகத்தைக் கிழிச்சுப்போட்டினம். ஸ்ரூடியோவிலை கழுவின பழைய படமெண்டால் பச்சைத் தண்ணியிலை ஊறவிட்டு, தானாக் கழரேக்கை எடுத்து, முகம் மேலை பார்க்க நிழலிலை காயவிட வேணும். இதை அந்த நேரம் ஆர் வந்து சொன்னது?

சரி, இப்ப கேள், நான் உன்னைக் கூப்பிட்டு இருத்தினதே இதுக்குத்தான். எங்கடை சனத்திட்டை ஒரு பழக்கம் இருந்தது. சாமத்தியவீடோ கலியாணவீடோ நடந்தால் படத்திலை ஒரு பிரதி லண்டனுக்கு, ஒண்டு பிரான்சுக்கு, ஒண்டு உன்ரை கொப்பருக்கு எண்டு எயார்மெயிலிலை போகும். பாசத்திலை அனுப்பினதெண்டு நீ நினைப்பாய். கொஞ்சம் பாசமும்தான். மிச்சமெல்லாம் அனுப்பின காசு பந்தலுக்கும் பலகாரத்துக்கும்தான் போனதெண்டு கணக்குக் காட்ட. பின்வரிசையிலை ஒரு பெட்டையை வடிவா உடுப்பிச்சு நிப்பாட்டினது அங்கை இருக்கிற ஒரு மாப்பிள்ளையின்ரை கண்ணிலை பட. வீட்டிலை இருந்த அல்பம் எரிஞ்சுது, புதைஞ்சுது, கறையான் திண்டுது. கணக்குக் காட்டினதும் கலியாணம் பேசினதும் தப்பிப் பிழைச்சுது.

ஆகவே எங்கடை ஊரின்ரை அல்பம் ஸ்காபரோவிலை உன்ரை கொப்பரின்ரை பேஸ்மென்றிலை, பழைய குளிர்ச்சட்டைப் பெட்டிக்குக் கீழை கிடக்குது. நீ அதை விட்டிட்டு நினைவு பொறுக்க பதினாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து எங்கடை காத்தாலைக்கு முன்னாலை நிண்டு பிள்ளையளைக் கையை விரிக்கச் சொல்லிறாய். காத்தாலை நல்லாத்தான் இருக்கு, எடு, நான் வேண்டாமெண்டேல்லை. ஆனால் போன உடனை அந்தப் பெட்டியைத் திற. ஸ்கான் பண்ணு. நினைவுக் கொப்பியை ரண்டாச் செய், ஒண்டு அங்கை, ஒண்டு இஞ்சை. அடுத்த வளவு மனுசிக்குத் தன்ரை தாயின்ரை ஒரு படமும் இல்லை. உன்ரை பெரியத்தையின்ரை கலியாணப் படத்திலை மூலையிலை தேங்காய் துருவிக்கொண்டு இருக்கிறது அந்தத் தாய்தான், எனக்கு நல்ல ஞாபகம். உங்கடை வீட்டிலை அதை ஆரோ வேலைக்கு வந்த மனுசி எண்டு நினைச்சிருப்பியள்.

படத்துக்குப் பின்னாலை பேர் எழுதேல்லை எண்டால் இப்பிடித்தான். பேனையாலை அமத்தி எழுதாதை, முன்பக்கத்திலை தழும்பு விழும். மெல்லிய பென்சில், ஓரத்திலை. ஆர், ஆற்றை மகள், எந்த வளவு. "இனிய நினைவுகள்" எண்டு நீ தங்க எழுத்திலை வெட்டி வைச்சிருக்கிறாய், அதாலை ஒருத்தரையும் கண்டுபிடிக்க ஏலாது.

படமே இல்லாத வீட்டுக்கு என்ன செய்யிறதெண்டு கேப்பாய். யாழ்ப்பாணம் கம்பசிலை கலை வரலாறு படிப்பிக்கிற சனாதனன் எண்ட ஓவியர் ஒரு வழி காட்டினவர். இடம்பெயர்ந்த சனத்திட்டைப் போய், விட்டிட்டு வந்த வீட்டைக் கீறித் தாங்கோ எண்டு கேட்டவர். சித்திரம் தெரியாத கையாலை கீறின நிலப்படங்கள், பக்கத்திலை அவை சொன்ன கதை, எண்பது பேரின்ரை. 2011இலை ‘தி இன்கம்ப்ளீற் தோம்பு’ எண்டு புத்தகமா வந்தது. தோம்பு ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உன்ரை பிள்ளையளை ஆச்சிக்குப் பக்கத்திலை இருத்தி, ஒரு சித்திரக் கொப்பியும் பென்சிலும் குடு. எங்கடை பழைய வீட்டைக் கீறச் சொல்லு. அவ குசினியைப் பெரிசாயும் நான் படுத்த திண்ணையைச் சின்னனாயும் கீறுவா. அதைத் திருத்தப்படாது, அளவு நாடாவோடை நானும் கிட்ட வரமாட்டன். அவ கீறினபடியே ஒட்டு.

வெட்டி ஒட்டுறது எங்களுக்குப் புதிசெண்டும் நினையாதை. எங்களிட்டைக் கல்வெட்டு இருக்கு. ஆள் மோசம் போய் முப்பத்தோராம் நாள் அச்சடிச்சுக் கையிலை தருவினம். முன்னுக்குப் படம், உள்ளுக்கைத் தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, கடைசியிலை நன்றி. 2005இலை தொடங்கின ‘நூலகம்’ இணையத்தார் இப்பிடியான நினைவு மலர்களையும் தேடி எடுத்து ஸ்கான் பண்ணி வைச்சிருக்கினம். கெட்டிக்காரர். ஆனால் உதை நம்பி வரலாறு எழுத வெளிக்கிட்டால், எங்கடை பச்சிலைப்பள்ளியிலை வாழ்ந்த ஒருத்தரும் கடன் வாங்கினதில்லை, தம்பியோடை கதைக்காமல் விட்டதில்லை, வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதில்லை எண்டுதான் வரும்.

அதாலை என்ரை கல்வெட்டை நீ இப்பவே செய்யத் தொடங்கு, நான் இருக்கேக்கை. அச்சுப் பிழை பார்க்க என்னை விட நல்ல ஆள் உனக்குக் கிடைக்காது. அட்டைப் படத்துக்கு மீசை கறுப்பா இருந்த காலத்துப் படம், அதுவும் கொப்பரின்ரை பேஸ்மென்றிலைதான் கிடக்கும். வேலிக் கதையையும் விடாமல் போடு. பக்கத்து வளவுக்காரர் எங்கடை பக்கம் தள்ளின முழத்தை நல்ல தடிச்ச எழுத்திலை போடு. நாங்கள் அங்காலை தள்ளின முழத்தைச் சின்ன எழுத்திலை போட்டால் காணும். கல்வெட்டு வாசிக்கிறது முழுக்கக் கண் மங்கின ஆக்கள்.