பிப்ரவரி முப்பது: ஒரு விசாரணை

பிப்ரவரி மாதத்துக்கு முப்பதாம் தேதி உண்டா என்னும் வினா, பாமரர் கண்ணுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினும், கணினி சாஸ்திரிகளை நெடுங்காலமாக இரு பக்ஷங்களாகப் பிரித்து வைத்திருக்கும் மகா விவகாரமாகும். படிவத்தில் ‘தேதி’ என்ற கட்டத்தைக் கண்டதும் மானிடன் எதை எழுதுவான் என்பதைப் பிரம்மதேவனும் அறியான். எழுதியதை என் செய்வது என்பதிலேதான் வாதம்.

முதற் பக்ஷத்தார் தயாளர்கள். 2023 பிப்ரவரி 31 என்று ஜாவாஸ்கிரிப்டிடம் மூன்று எண்களாக ஒப்புவித்தால், அது முகம் சுளிக்காமல், மிஞ்சிய மூன்று நாட்களை அடுத்த மாதக் கணக்கில் வரவு வைத்து, மார்ச் 3 என்று திருப்பித் தருகிறது. (அம்மொழியில் ஜனவரிக்கு எண் 0, பிப்ரவரிக்கு 1, நாட்கள் மட்டும் ஒன்றிலிருந்தே தொடங்குவானேன் என்று ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கும் என் பொறுமைக்கும் அப்பாற்பட்டது.)

மறுபக்ஷத்தார் வைதிகர்கள். கொடுத்த எண்களால் ஒரு தேதியைச் சமைத்து, பின்பு அத்தேதியிடமே அதன் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை விசாரித்து, உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் ஒத்திராவிடில் விண்ணப்பதாரரைத் திருப்பியனுப்புவது இவர்களது பரீட்சை. இதுவே எமக்கும் உடன்பாடு. ஏனெனில் முப்பத்தொன்று என்று எழுதியவன் இருபத்தொன்றைக் கருதியிருக்கலாம், இருபத்தெட்டைக் கருதியிருக்கலாம், மார்ச் மூன்றை ஒருகாலும் கருதியிருக்க மாட்டான்.

ஆயினும் 03/04 என்று ஒருவர் எழுதிவிட்டால் வைதிகரும் செய்வதறியார். நம்மவருக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. இரண்டும் குற்றமற்ற தேதிகளாதலின் எப்பரீட்சையிலும் தேறிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை ஐ.எஸ்.ஓ. 8601 விதித்துள்ளது, படிவம் நிரப்புவோர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இனி, இல்லாத நாள் என்பதுதான் யாது? நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத 1900-க்கு லீப் நாள் கிடையாது. எக்செலோ, லோட்டஸ் 1-2-3 செய்த பிழையோடு ஒத்துப்போகும்பொருட்டு, 1900 பிப்ரவரி 29-ஐ இன்றளவும் அங்கீகரிக்கிறது. மாறாக, ஸ்வீடன் தேசத்தார் ஜூலியன் நாட்காட்டியைச் சிறிது சிறிதாகக் கைவிடக் கருதி, 1700-இல் லீப் நாளை விடுத்து, பின்னர் அத்திட்டத்தைத் தொடராமல் விட்டு, பழைய கணக்குக்கே மீள்வதற்காக 1712-இல் மெய்யாகவே பிப்ரவரி 30-ஐக் கொண்டாடினார்கள். அன்று அவதரித்த சிசு எவரேனும் ஓய்வூதியம் கோரி வருவாராயின், அந்த ஒரு விண்ணப்பத்தை மட்டும் குமாஸ்தா கையால் பதிந்துகொள்ளலாம்.